திசைவி இடைமுகக் கூறு: பொருத்துதல், கட்டமைத்தல், பழுதறிதல்

திசைவி இடைமுகக் கூறு என்பது, திசைவியின் (ரூட்டர்) உடற்பகுதியில் உள்ள காடியில் செருகப்பட்டு, அதற்குப் புதிய இணைப்பு வாயில்களைத் தரும் சிறு மின்சுற்று அட்டை ஆகும். திசைவி ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பொதிகளை அனுப்பும் வேலையைச் செய்கிறது. அந்த இன்னொரு வலையமைப்பு எந்த வகைக் கம்பியில் வந்து நிற்கிறது என்பதைப் பொறுத்து வாயில் மாறும். செப்புக் கம்பி, ஒளியிழை, தொலைபேசி நிறுவனத்தின் லீஸ்டு லைன் என ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை உண்டு. திசைவி முழுவதையும் மாற்றாமல் அட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே இதன் பயன்.

தாம்பரம் வட்டாரத்தில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சேலையூரில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய பாரத் பல்கலைக்கழகம் இருக்கிறது. சானடோரியத்தில் அதே ஆண்டு அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் இருக்கிறது. இடைப்பட்ட தெருக்களில் சிறு அலுவலகங்களும் கணினிப் பயிற்சி மையங்களும் உள்ளன. ஆய்வகத்தில் அட்டையைச் செருகிப் பழகும் மாணவர், சில ஆண்டுகளில் ஒரு நிறுவனத்தின் இணைப்பு அறுந்துகிடக்கும்போது, "கோளாறு உங்கள் பக்கமா, லைன் கொடுத்தவர் பக்கமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் சிஸ்கோ திசைவிகளிலிருந்து தரப்படுகின்றன. நம் ஆய்வகங்களிலும் பேக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளிலும் அவையே அதிகம் காணப்படுகின்றன.

அட்டையும் காடியும்

சிஸ்கோ 1841 திசைவியில் இரண்டு ஃபாஸ்ட் ஈதர்நெட் வாயில்களும் இரண்டு காடிகளும் உண்டு. 2911 திசைவியில் மூன்று கிகாபிட் ஈதர்நெட் வாயில்களும் இவ்வகை அட்டைகளுக்கான நான்கு காடிகளும் உண்டு. இரண்டிலுமே சீரியல் வாயில் எனப்படும் தொடர்வாயில் பிறவியிலேயே கிடையாது. லீஸ்டு லைன் இணைக்க வேண்டுமானால் அட்டை வாங்கித்தான் ஆக வேண்டும்.

அட்டைகளின் பெயர்கள் குழப்பம் தருபவை. பழைய தலைமுறை விக் எனப்பட்டது. 2004இல் வந்த திசைவிகளோடு எச்விக் வந்தது, பிறகு ஈஎச்விக், அதன்பின் 4000 வரிசைத் திசைவிகளில் நிம். பெயரை விடக் கவனிக்க வேண்டியது இணைப்பியின் வடிவம். விக்-1டி அட்டையில் 60 ஊசிகள் கொண்ட பெரிய இணைப்பி இருக்கும். விக்-2டி அட்டையில் 26 ஊசிகள் கொண்ட சிறிய இணைப்பிகள் இரண்டு இருக்கும். ஒன்றின் கேபிள் மற்றொன்றில் ஏறாது. ரிச்சி தெருவில் பழைய அட்டை தேடிப் போகிறவர், கேபிளும் சேர்த்துக் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. அட்டை மலிவாகக் கிடைத்து, அதற்கேற்ற கேபிளுக்கு அலைவது வழக்கமாக நடப்பதுதான்.

பொருத்தும் முறை எளிது. 1841, 2800, 2900 வரிசைகளில் இந்த அட்டைகளை மின்சாரம் இருக்கும்போது செருகவோ கழற்றவோ கூடாது. நடப்புக் கட்டமைப்பைச் சேமித்து, திசைவியை அணைத்து, மின்கம்பியையும் எடுத்துவிட வேண்டும். காடியின் மூடியைக் கழற்றி, அட்டையின் இரு ஓரங்களும் தண்டவாளம் போன்ற வழிகாட்டிகளில் அமரும்படி தள்ள வேண்டும். கடைசி அரை அங்குலத்தில் சிறிது அழுத்தம் தேவைப்படும். பிறகு இரு திருகுகளையும் மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முழுக்க இறுக்கினால் அட்டை சாய்ந்து, பின்புற இணைப்பு பாதி மட்டுமே தொடும். கழற்றிய மூடியைத் தூக்கி எறியக் கூடாது. அட்டையை எடுக்கும் நாளில் அது வேண்டும், திறந்த காடி வழியே காற்றோட்டம் சிதறித் திசைவி சூடேறும்.

சென்னையின் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் அவ்வளவு சேராது என்பது ஓரளவு உண்மை. குளிரூட்டிய சர்வர் அறையின் காற்று உலர்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மணிக்கட்டுப் பட்டை இல்லாவிட்டால், புவியிணைப்புள்ள உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு அட்டையை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும்.

4000 வரிசையில் நிம் அட்டையை ஓடும்போதே மாற்றலாம். அதற்கும் முன்பாக "எச்டபிள்யூ-மாட்யூல் சப்ஸ்லாட் 0/1 ஸ்டாப்" என்பது போன்ற கட்டளையால் அந்த அட்டையை நிறுத்திய பிறகே கழற்ற வேண்டும்.

பேக்கெட் டிரேசரிலும் இதே ஒழுங்குதான். படத்தில் உள்ள மின்விசையை அணைக்காமல் அட்டையை இழுத்துப் போட்டால் மென்பொருள் மறுத்துவிடும். அணைத்தால், சேமிக்காத கட்டமைப்பு முழுவதும் போய்விடும். தேர்வு நேரத்தில் பாதி வேலையை முடித்த பிறகு "சீரியல் வாயில் இல்லையே" என்று கண்டுபிடித்து, சேமிக்காமலே விசையை அணைப்பதால் போகும் மதிப்பெண்கள் கொஞ்சமல்ல. அட்டைகளை எல்லாம் முதலிலேயே செருகிவிட்டுப் பிறகு கட்டளைகளைத் தொடங்குவதே முறை.

அட்டையைத் திசைவி அறிந்துகொண்டதா?

திசைவி எழுந்ததும் "ஷோ இன்வென்டரி" அல்லது "ஷோ டயாக்" கட்டளை கொடுத்தால் அட்டையின் பெயரும் வரிசை எண்ணும் வர வேண்டும். வரவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். அட்டை சரியாக அமரவில்லை, அந்தத் திசைவி இந்த அட்டையை ஏற்காது, அல்லது அதன் இயக்க மென்பொருள் இந்த அட்டை வருவதற்கு முந்தையது. மூன்றாவது காரணத்தைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நல்ல அட்டையைப் பழுது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

வாயிலின் பெயர் அட்டை இருக்கும் இடத்தைக் காட்டும். "சீரியல் 0/0/1" என்பதில் நடு எண் காடியையும் கடைசி எண் வாயிலையும் குறிக்கும். அதே அட்டையை அடுத்த காடிக்கு மாற்றினால் பெயர் "சீரியல் 0/1/1" ஆகிவிடும். பழைய பெயரில் எழுதிய ஐபி முகவரியும் மற்றவையும் அட்டையோடு கூட வராது. காடியை மாற்றினால் கட்டமைப்பையும் மீண்டும் எழுத வேண்டும்.

புதிய வாயில் தொடக்கத்தில் மூடியே இருக்கும். "நோ ஷட்டவுன்" கொடுக்கும்வரை திறக்காது.

கடிகாரம் யார் தருவது?

லீஸ்டு லைனில் பிட்டுகள் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை ஒரு முனைதான் தீர்மானிக்க வேண்டும். நேரம் தரும் முனைக்கு டிசிஇ என்றும், பெற்றுக்கொள்ளும் முனைக்கு டிடிஇ என்றும் பெயர். உண்மையான இணைப்பில் தொலைபேசி நிறுவனத்தின் மோடம் டிசிஇ, நம் திசைவி டிடிஇ. மோடமிலிருந்து வி.35 கேபிள் வழியே கடிகாரம் வந்துவிடும்.

ஆய்வகத்தில் மோடம் கிடையாது. இரண்டு திசைவிகளை நேருக்கு நேர் கேபிளால் கட்டுகிறோம். ஆகவே ஒரு திசைவி மோடமின் வேடத்தை ஏற்க வேண்டும். எது என்பதைக் கேபிளின் முனைதான் சொல்லும். "ஷோ கன்ட்ரோலர்ஸ் சீரியல் 0/0/0" கொடுத்தால் டிசிஇ கேபிளா டிடிஇ கேபிளா என்று தெரியும். டிசிஇ முனையில் "கிளாக் ரேட் 64000" போல ஒரு வேகத்தைக் கொடுக்க வேண்டும். பேக்கெட் டிரேசரில் சீரியல் டிசிஇ கேபிளை எடுத்தால், முதலில் சொடுக்கிய திசைவியே டிசிஇ ஆகும். அதன் அருகில் சிறு கடிகாரப் படம் தெரியும்.

1544 என்ற எண்

பாடநூல்கள் சொல்லாமல் விடும் ஒரு செய்தி இங்கே உண்டு. நம் மாணவர்கள் படிக்கும் வலையமைப்பு நூல்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே லீஸ்டு லைனின் அடிப்படை அளவு டி1. அதில் 24 தடங்கள், மொத்த வேகம் நொடிக்கு 1.544 மெகாபிட். இந்தியா பின்பற்றுவது ஈ1. அதில் தலா 64 கிலோபிட் கொண்ட 32 நேரக்கூறுகள், மொத்தம் 2.048 மெகாபிட். அலுவலகங்களில் "2 எம்பி லைன்" என்று சொல்வது இதைத்தான்.

சிஸ்கோ திசைவி தன் சீரியல் வாயிலின் அலைவரிசை அகலம் 1544 கிலோபிட் என்று தானாகவே எழுதிக்கொள்கிறது. வாயிலில் எந்த வேகத்தில் தரவு ஓடினாலும் அந்த எண் மாறாது. "பேன்ட்வித்" கட்டளையால் நாம் மாற்றினால்தான் மாறும். அதே சமயம், அந்தக் கட்டளை லைனின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. திசைவி தன் கணக்குக்காக வைத்திருக்கும் எண் அது, அவ்வளவே.

கணக்கில் தவறு வந்தால் என்ன ஆகும்? ஓஎஸ்பிஎஃப் என்ற வழித்தேர்வு முறை, 10 கோடியை அலைவரிசை அகலத்தால் வகுத்து ஒவ்வொரு பாதைக்கும் ஒரு செலவு எண் கொடுக்கிறது. ஓர் அலுவலகத்துக்கு 2 மெகாபிட் முதன்மை லைனும், அவசரத்துக்கு 64 கிலோபிட் மாற்று லைனும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாரும் பேன்ட்வித் எழுதவில்லை. திசைவியின் கண்ணில் இரண்டுமே 1544 கிலோபிட், இரண்டின் செலவும் 64. சமமான இரு பாதைகள் இருந்தால் போக்குவரத்தை இரண்டிலும் பகிர்ந்துவிடுவது அதன் இயல்பு. பொதுவாக அந்தப் பகிர்வு, அனுப்புநர் பெறுநர் இணைகளை வைத்து நடக்கும். ஆகவே அலுவலகத்தில் சிலருக்கு எல்லாம் வேகமாக ஓடும், பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு பக்கம் திறக்கவே நிமிடம் ஆகும். கணினியை மாற்றுவார்கள், வைரஸ் தேடுவார்கள். உண்மையான செலவு எண்கள் 2048 கிலோபிட்டுக்கு 48, 64 கிலோபிட்டுக்கு 1562. பேன்ட்வித் என்று இரு வாயில்களிலும் ஒவ்வொரு வரி சரியாக எழுதினால், முதன்மை லைன் உயிரோடு இருக்கும்வரை மாற்று லைன் சும்மா இருக்கும்.

நிலை வரி சொல்லும் கதை

"ஷோ இன்டர்ஃபேசஸ் சீரியல் 0/0/0" கட்டளையின் முதல் வரியில் இரண்டு நிலைகள் இருக்கும். முதலாவது கம்பியும் மின்குறியும் உள்ள அடி அடுக்கு. இரண்டாவது அதன் மேல் பேசும் நெறிமுறை.

முதல் நிலை "அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்" என்றால் யாரோ மூடிவைத்திருக்கிறார்கள், அல்லது யாரும் திறக்கவே இல்லை. இரண்டுமே "டவுன்" என்றால் கேபிள், மோடம், லைன் என்று வெளியே தேட வேண்டும். முதல் நிலை "அப்", இரண்டாவது "டவுன்" என்பதுதான் சுவையான நிலை. கம்பியில் குறி வருகிறது, பேச்சு மட்டும் நடக்கவில்லை. கடிகாரம் இல்லாதது, ஒரு முனையில் எச்டிஎல்சியும் மறு முனையில் பிபிபியும் இருப்பது, பிபிபியின் சாப் கடவுச்சொல் பொருந்தாதது ஆகியவை வழக்கமான காரணங்கள். சிஸ்கோ சீரியல் வாயில் தானாக எடுத்துக்கொள்வது எச்டிஎல்சி, அதுவும் சிஸ்கோவின் சொந்த வகை. எதிர்முனையில் வேறு நிறுவனத்தின் திசைவி இருந்தால் இரு பக்கமும் பிபிபி வைப்பதே வழி. சாப் முறையில், நம் திசைவியில் எழுதும் பயனர்பெயர் எதிர்த் திசைவியின் பெயராக இருக்க வேண்டும். கடவுச்சொல் இரண்டிலும் ஒன்றே. பெயரைத் தலைகீழாக எழுதுவது மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை.

இரண்டும் "அப்" என்றாலும் எல்லாம் சரி என்று பொருளல்ல. பிபிபி இணைப்பில் இரு முனைகளின் ஐபி முகவரிகள் வெவ்வேறு உபவலைகளில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று பிங் போகும். ஏனெனில் பிபிபி எதிர்முனையின் முகவரிக்கு ஒரு வழியைத் தானே எழுதிக்கொள்கிறது. பிங் போனதால் முகவரி சரி என்று முடிவுகட்டினால், பிறகு ஈஐஜிஆர்பி போன்ற வழித்தேர்வு முறை அண்டைத் திசைவியை ஏற்க மறுக்கும்போது காரணம் புரியாது.

அதே வெளியீட்டில் கீழே எண்ணிகள் உள்ளன. சிஆர்சி என்பது வழியில் சிதைந்து வந்த சட்டங்களின் எண்ணிக்கை. கேரியர் டிரான்சிஷன் என்பது லைனின் குறி எத்தனை முறை மாறியது என்பது. இவை கடைசியாக அழித்த நாளிலிருந்து சேர்ந்துகொண்டே வருபவை. ஐயாயிரம் சிஆர்சி பிழைகள் இரண்டு ஆண்டுகளில் சேர்ந்தவையா, இன்று காலையில் சேர்ந்தவையா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. "கிளியர் கவுண்டர்ஸ்" கொடுத்து, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால்தான் பொருள் உண்டு.

கோளாறு யாருடையது?

லைன் அறுந்தால், வழங்குநரிடமிருந்து பெரும்பாலும் வரும் முதல் பதில் "எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் ரூட்டரைப் பாருங்கள்" என்பது. வாதாடுவதை விடச் சோதித்துக் காட்டுவது எளிது.

சீரியல் வாயிலின் விவரங்களில் கடைசி வரி டிசிடி, டிஎஸ்ஆர், டிடிஆர், ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்ற ஐந்து குறிகளைக் காட்டும். டிடிஆரும் ஆர்டிஎஸ்ஸும் திசைவி அனுப்புபவை. மற்ற மூன்றும் மோடமிலிருந்து வருபவை. நம் இரண்டும் "அப்" ஆக இருந்து, டிசிடி மட்டும் "டவுன்" என்றால், மோடமுக்கு மறுபக்கக் குறி கேட்கவில்லை என்று பொருள். திசைவியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது வராது.

அடுத்தது லூப் சோதனை. மோடமை லோக்கல் லூப் நிலையில் வைத்தால், திசைவி அனுப்பியது மோடமைத் தொட்டு அதற்கே திரும்பி வரும். சோதனை நேரத்துக்கு மட்டும் வாயிலை எச்டிஎல்சியில் வைத்துக்கொள்வது நல்லது. நிலை வரியில் "லூப்டு" என்று தெரிந்தால் திசைவி, அட்டை, கேபிள் மூன்றும் நலம். பிறகு அந்த வாயிலின் சொந்த ஐபி முகவரிக்கே ஆயிரம் பொதிகள் பிங் அனுப்பலாம். சீரியல் வாயிலில் சொந்த முகவரிக்குப் போகும் பிங்கும் கம்பி வழியாக வெளியே போய்த்தான் திரும்பும், உள்ளேயே முடிந்துவிடாது. தரவு வடிவத்தை முழுக்கச் சுழிகளாகவும், பிறகு முழுக்க ஒன்றுகளாகவும் மாற்றிப் பார்ப்பது வழக்கம். சுழிகளில் மட்டும் பிழை வந்தால், குறியாக்கம் இரு பக்கமும் பொருந்தவில்லை என்று, அதாவது ஒரு முனையில் எச்டிபி3, மறு முனையில் ஏஎம்ஐ என்று, ஐயப்படலாம்.

பக்கத்து லூப் நலமாகவும் தொலை மோடமில் போட்ட லூப் பிழையோடும் இருந்தால், பழுது இடையில் உள்ள லைனில்தான். புகார் கொடுக்கும்போது "நெட் வரவில்லை" என்பதற்குப் பதிலாக, டிசிடியின் நிலை, கேரியர் மாறிய எண்ணிக்கை, எந்த நேரம் முதல், எந்த லூப் வரை நலம் என்பவற்றைச் சொன்னால், எதிரில் இருப்பவர் ஆளை அனுப்பாமல் தட்டிக்கழிப்பது கடினம்.

ஈதர்நெட் அட்டைகள்

இங்கே ஒரே ஒரு கோளாறை மட்டும் சொல்லலாம், மற்றவை எளிதில் புலப்படும். ஒரு முனையை 100 மெகாபிட், முழு இருவழி என்று கையால் நிலைநிறுத்திவிட்டு, மறு முனையைத் தானியங்கியாக விட்டால், தானியங்கி முனை வேகத்தைக் கண்டுபிடிக்கும், இருவழியைக் கண்டுபிடிக்க முடியாது. அரை இருவழிக்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், பிங் போகும், பெரிய கோப்பு மட்டும் ஆமை வேகத்தில் நகரும். அரை இருவழி முனையில் தாமத மோதல்களும், முழு இருவழி முனையில் சிஆர்சி பிழைகளும் ஏறுவது இதன் அடையாளம். இரு முனைகளையும் ஒரே மாதிரி வைப்பதே மருந்து.

ஒளியிழைக் கூறுகள்

இன்றைய அலுவலகங்களில் சீரியல் அட்டையின் இடத்தை விரல் அளவுள்ள எஸ்எஃப்பி கூறு பெரும்பாலும் பிடித்துவிட்டது. இதை ஓடும்போதே செருகலாம். வகையைப் பார்த்து வாங்க வேண்டும். எல்எக்ஸ் வகை 1310 நானோமீட்டர் ஒளியில் ஒற்றைமுறை இழையில் 10 கிலோமீட்டர் வரை போகும். சேலையூரிலிருந்து தாம்பரத்துக்கு இது தாராளம். கிண்டிக்கு எட்டாது, இழை போகும் பாதை சாலைத் தூரத்தை விடவும் நீளமாகவே இருக்கும். அதற்காக 80 கிலோமீட்டர் வகையை வாங்கி, ஒரே அறையில் இரு கருவிகளுக்கு இடையில் போட்டால், மிகுந்த ஒளியில் ஏற்பியின் கண் கூசிவிடும். இடையில் ஒளிமட்டுப்படுத்தி வைக்காவிட்டால் ஏற்பி பழுதாகவும் கூடும். வேறு நிறுவனத்தின் எஸ்எஃப்பி என்றால் சில கருவிகள் வாயிலையே முடக்கிவிடும்.

"ஷோ இன்டர்ஃபேசஸ் டிரான்சீவர்" கட்டளை, வந்துசேரும் ஒளியை டிபிஎம் அளவில் காட்டும், கூறு அந்த வசதி உடையதாக இருந்தால். சுழி டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட். ஒவ்வொரு 3 குறைவும் ஒளி பாதியாவதைக் குறிக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்பது கடினமல்ல. அனுப்பும் ஒளி -6, இழை 8 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.35 இழப்பு என்றால் 2.8. இரு இணைப்பிகளுக்கு 1, நான்கு ஒட்டுகளுக்கு 0.4. மொத்தம் 4.2, ஆகவே -10.2 அளவில் வந்துசேர வேண்டும். எல்எக்ஸ் ஏற்பிக்கு ஏறத்தாழ -19 வரை போதும். அளவு -22 காட்டினால், வழியில் ஏதோ 12 அளவுக்கு ஒளியைத் தின்கிறது. முதலில் இணைப்பியின் முனையைத் துடைக்க வேண்டும். பாதிக் கோளாறுகள் அங்கேயே தீரும். பிறகு கதவிடுக்கில் நசுங்கியோ ஆணியில் மடங்கியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

வீடுகளில் உள்ள ஃபைபர் பெட்டிக்கும் இதே விதிதான். தாம்பரம் பக்கத்துத் தெருக்களில் பல இடங்களில் இழைகள் கம்பங்களில் தொங்கியே வருகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காற்றில் ஒரு கிளை விழுந்தால் போதும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது நகரெங்கும் தொங்கும் கேபிள்கள் அறுந்தன. பெட்டியில் "லாஸ்" என்ற சிவப்பு விளக்கு எரிந்தாலோ மின்னினாலோ ஒளியே வரவில்லை அல்லது மிகக் குறைவாக வருகிறது என்று பொருள். அப்போது பேனா முனையால் ரீசெட் பொத்தானை அழுத்துகிறவர்கள் உண்டு. ஒளி அதனால் வராது. உள்ளே எழுதியிருந்த பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோகும். மறுநாள் லைன்மேன் கம்பத்தில் ஏறி இழையை ஒட்டிய பிறகும் இணையம் வராது, ஒரு கோளாறு இரண்டாகியிருக்கும். சிவப்பு விளக்கு எரியும்போது செய்ய வேண்டியவை, இழை பெட்டிக்குள் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும், எங்கும் மடங்கவில்லை என்று உறுதி செய்வதும், "லாஸ் விளக்கு சிவப்பு" என்ற சொற்களோடு புகார் பதிவதும்தான்.